இயந்திரம் கைவிடும் நேரம்



ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று எமது கரையோரக் கிராமங்களில் எந்தத் தெருவை எடுத்தாலும் விமானம் ஏறிய ஒருவராவது இருப்பார். வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போனவர், மகனைக் கட்டாருக்கு அனுப்பிவைத்தவர், உம்றாவுக்கும் ஹஜ்ஜுக்கும் போய் வந்தவர் என்று எல்லோருக்கும் கட்டுநாயக்க பழகிய இடம். ஆனால் மேலே போன பிறகு அந்த விமானத்தை யார் ஓட்டுகிறார் என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை.

சென்ற மாதம் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். "இப்ப பிளேனெல்லாம் தானா ஓடுதாமே, அப்ப பைலட்டுக்கு என்ன வேலை?" கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இது சிரித்து விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல. விமானத் துறை நிபுணர்கள் 40 ஆண்டுகளுக்கும் மேலாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அதற்கு அவர்கள் கண்ட பதிலில் எங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. அதைத்தான் இம்மாதம் பேசப் போகிறோம்.

தானாக ஓடும் விமானம்

விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி புதியதல்ல. 1914ஆம் ஆண்டிலேயே லோரன்ஸ் ஸ்பெரி என்ற இளைஞர் பாரிஸ் நகரில், ஓடும் விமானத்தில் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். விமானம் ஆடாமல் நேராகப் போனது. வேகமாகச் சுழலும் ஒரு சக்கரம் தன் நிலையை மாற்றாமல் நிற்கும் என்ற தத்துவத்தைக் கொண்டு அக்கருவி செய்யப்பட்டிருந்தது. சுழலும் பம்பரம் விழாமல் நிற்பதும் இதே தத்துவத்தால்தான்.

இன்று அந்த வேலையைக் கணினிகள் செய்கின்றன. விமானி தன் கையால் விமானத்தை மேலே எழுப்புவார். சற்று உயரம் போனதும் தன்னியக்கக் கருவியிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுவார். எந்தத் திசையில், எந்த உயரத்தில், எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது கடைசிச் சில நிமிடங்கள் விமானியின் கை மீண்டும் வேலை செய்யும். அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் கண்காணிப்பு அலுவலகம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, பறக்கும் நேரத்தில் ஏறத்தாழ 90 வீதம் தன்னியக்கத்திலேயே கழிகிறது.

இதனால் நன்மைகள் பல. எரிபொருள் மிச்சமாகிறது. நீண்ட பயணத்தில் விமானிகள் களைத்துப்போவது குறைகிறது. விபத்துகளும் முன்னைய காலத்தை விடக் குறைந்துள்ளன. ஆகவே இயந்திரம் கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. அந்த இயந்திரம் திடீரென்று கையை விட்டால் பக்கத்தில் இருக்கும் மனிதரால் என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி.

நடந்த மூன்று விபத்துகள்

முதலாவது எமது நாட்டிலேயே நடந்தது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் வந்தது. கட்டுநாயக்கவில் இறங்கிவிட்டுப் பின்னர் ஜித்தா போவதாக ஏற்பாடு. 182 யாத்திரிகர்களும் 9 ஊழியர்களும் அதில் இருந்தனர். விமானநிலையம் நெருங்கிவிட்டது என்று எண்ணி விமானிகள் கீழே இறங்கத் தொடங்கினார்கள். உண்மையில் அவர்கள் இன்னும் மலைநாட்டுக்கு மேலேதான் இருந்தார்கள். மஸ்கெலியாப் பகுதியிலுள்ள சப்த கன்னியர் மலையில் விமானம் மோதியது. 191 பேரும் இறந்தனர். இலங்கையில் இதைவிடப் பெரிய விமான விபத்து இன்றுவரை நடக்கவில்லை. விமானத்திலிருந்த வழிகாட்டும் கருவியையும் வானிலை ராடரையும் நம்பித் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. தன்னியக்கம் இந்த அளவுக்கு வளராத காலத்திலேயே, கருவி காட்டுவதை வேறு வழியிலும் சரிபார்க்கவேண்டும் என்ற பாடத்தை எமது மலைநாடு உலகுக்குச் சொல்லிவிட்டது.

இரண்டாவது பக்கத்து நாடான இந்தியாவில் நடந்தது. 1990 பெப்ரவரி 14ஆம் திகதி பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் எயார்லைன்ஸ் விமானம் ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ப் மைதானத்தில் விழுந்தது. அதில் இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தனர். அது ஏ320 என்ற புதுவகை விமானம். இந்தியன் எயார்லைன்ஸ் அவ்வகை விமானத்தை 1989இல்தான் பாவிக்கத் தொடங்கியிருந்தது. இறங்கும்போது கணினி, இயந்திர வலுவை மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுபோகும் ஒரு முறையில் இருந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்ததை விமானிகள் நேரத்தோடு கவனிக்கவில்லை. கவனித்து வலுவைக் கூட்டியபோது தரை நெருங்கிவிட்டது. இயந்திரத்தில் பழுது எதுவும் இருக்கவில்லை. அது எந்த முறையில் ஓடுகிறது என்பது உள்ளே இருந்தவர்களுக்கு விளங்காமல் போனதுதான் ஆபத்தாக முடிந்தது.

மூன்றாவது விபத்துத்தான் உலகம் முழுவதையும் யோசிக்க வைத்தது. 2009 ஜூன் 1ஆம் திகதி பிரேசிலின் ரியோ நகரிலிருந்து பாரிஸ் நோக்கிப் போன எயார் பிரான்ஸ் விமானம் அத்திலாந்திக் சமுத்திரத்தில் விழுந்து 228 பேரும் இறந்தனர். விமானத்தின் முன்பக்கத்தில் வேகத்தை அளக்கும் சிறிய குழாய்கள் இருக்கும். இரவு நேரம், மேகக்கூட்டம், 35,000 அடி உயரம். குழாய்களைப் பனிக்கட்டித் துகள்கள் அடைத்துவிட்டன. வேகம் எவ்வளவு என்று தெரியாததால் தன்னியக்கக் கருவி தானாகவே விலகி, விமானத்தை விமானிகளின் கையில் கொடுத்துவிட்டது.

அந்நேரம் தலைமை விமானி ஓய்வெடுக்கப் போயிருந்தார். விமானத்தைப் பிடித்திருந்த துணை விமானி அதன் மூக்கை மேலே தூக்கினார். அளவுக்கு மீறி மூக்கைத் தூக்கினால் இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். அப்போது மூக்கைக் கீழே இறக்கவேண்டும். இது பறப்புப் பயிற்சியின் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். எச்சரிக்கை ஒலி திரும்பத் திரும்பக் கேட்டும் அந்தப் பாடம் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. சுமார் ஒரு நிமிடத்துக்குள் வேகக் கருவிகள் மீண்டும் சரியாகக் காட்டத் தொடங்கிவிட்டன. இருந்தும் விமானம் விழுந்துகொண்டே இருந்தது. கருவி கைவிட்டதிலிருந்து கடலில் விழும்வரை நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம் மட்டுமே. அந்த உயரத்தில் கையால் விமானத்தை ஓட்டும் பயிற்சி அவ்விமானிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை என்று பிரான்ஸ் விசாரணைக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கையில் குறிப்பிட்டது.

ஒரு பெண் அறிஞர் சொன்னது

இந்த ஆபத்தை வெகுகாலத்துக்கு முன்பே எடுத்துச் சொன்னவர் ஒரு பெண். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1983ஆம் ஆண்டு தன்னியக்கத்தின் முரண்பாடுகள் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். இன்றும் உலகெங்கும் அதைப் படிக்கிறார்கள்.

அவர் சொன்னது மிக எளிமையானது. இலகுவான வேலைகளை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிடுகிறோம். இயந்திரத்தால் முடியாத கடினமான வேலை மட்டும் மனிதருக்கு மிஞ்சுகிறது. ஆனால் அந்தக் கடினமான வேலையைச் செய்யும் திறன், இலகுவான வேலைகளை அன்றாடம் செய்வதால்தான் வளர்கிறது. அன்றாடப் பழக்கம் இல்லாமல் போனால் திறனும் தேய்கிறது. ஆகவே மனிதரின் திறமை மிக மிகத் தேவைப்படும் வேளையில்தான் அது அவரிடம் மிகக் குறைவாக இருக்கும்.

இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒழுங்காக ஓடும் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பது மனிதருக்கு மிகக் கடினம். அரை மணித்தியாலத்துக்கு மேல் கவனம் நிலைக்காது. நன்றாக வேலை செய்யும் இயந்திரத்தைக் காவல் காக்கும்படி ஒருவரை இருத்திவிட்டு, பிழை நேர்ந்த கணத்தில் "ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்பது நியாயமா?

கை மறக்கவில்லை, யோசனை மறந்தது

2014ஆம் ஆண்டு நாசா நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீபன் காஸ்னர் என்பவரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தரையிலேயே இருக்கும் பயிற்சி விமான அறையில் 16 விமானிகளை உட்காரவைத்து, தன்னியக்கத்தை நிறுத்திவிட்டு, கையால் ஓட்டச் சொன்னார்கள்.

முடிவு பலர் நினைத்ததற்கு மாறாக இருந்தது. கை அவ்வளவாக மறக்கவில்லை. விமானத்தை நேராக வைத்திருப்பது, கருவிகளைக் கண்ணால் வாசிப்பது போன்றவற்றைப் பெரும்பாலானோர் சரியாகவே செய்தார்கள். அவர்கள் தடுமாறியது வேறு இடத்தில். இப்போது எங்கே இருக்கிறோம், அடுத்து என்ன செய்யவேண்டும், இந்தக் கருவி காட்டுவது உண்மையா பொய்யா என்று தாங்களாகவே கணக்குப் போட்டு முடிவெடுக்கும் இடத்தில்தான் பலர் பின்தங்கினார்கள். சைக்கிள் ஓடப் பழகிய கால்கள் பத்து வருடம் கழித்தும் ஓடும். ஆனால் வழி கேட்காமல் போய்ப் பழகிய ஊரின் வழி மறந்துபோகும். அதைப் போன்றதுதான் இதுவும்.

இது எமது கதையும்தான்

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு, பொறுப்பு திடீரென்று கையில் விழுவது என்றால் என்ன என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. யுத்த காலத்தில் கணவரை இழந்தவர்கள், காணாமல்போனவரைத் தேடி அலைந்தவர்கள், 2004 டிசம்பர் 26இல் ஒரே காலையில் வீட்டையும் உறவையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். அதுவரை உறுதி எங்கே இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறது, கிராம சேவகரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொண்ட விடயங்கள். ஒரு நாளில் எல்லாம் உங்கள் கைக்கு வந்தன. அப்போது கற்றுத்தர ஆள் இல்லை. விழுந்து எழும்பித்தான் கற்றுக்கொண்டீர்கள். பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், நிவாரண அலுவலகம் என்று போய் வந்தீர்கள். சிங்களம் தெரியாமலே அம்பாறைக் கச்சேரி வரைக்கும் போய்க் காரியம் முடித்து வந்த தாய்மார்களை எனக்குத் தெரியும்.

ஆனால் அண்மைக்காலமாக நான் கவனிக்கும் ஒரு விடயம் எனக்குக் கவலை தருகிறது. அவ்வளவு பாடுபட்டுக் கற்றவை இப்போது மெல்ல மெல்லக் கைநழுவுகின்றன. மகன் வளர்ந்துவிட்டான், மருமகன் வந்துவிட்டார், கையடக்கத் தொலைபேசியில் எல்லாம் நடக்கிறது. வங்கி அட்டை மகனிடம். அதன் இரகசிய இலக்கமும் மகனிடம். கடிதம் வந்தால் மகன் வாசிப்பான். விண்ணப்பம் வந்தால் மருமகன் நிரப்புவார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயாருடன் ஒரு வங்கிக்குப் போனேன். மாமி என்றுதான் அவரை அழைப்பேன். சுனாமிக்குப் பிறகு தனியாளாக நின்று வீட்டுத்திட்டம் எடுத்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். வெளிநாட்டில் இருந்த மகனின் தொலைபேசி களவு போய்விட்டது. இரண்டு வாரமாக மகனுடன் தொடர்பில்லை, கையில் காசும் இல்லை. வங்கியில் அவருடைய பெயரில்தான் கணக்கு. கையொப்பம் கேட்டார்கள், பிசகில்லாமல் வைத்தார். ஆனால் எந்தப் படிவம், எந்த வரிசை, எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். "மகள், எல்லாம் தெரிஞ்சிருந்த ஆள்தான் நான். இப்ப எங்க தொடங்கிறெண்டே விளங்குதில்ல."

நாசா ஆய்வில் கண்டதும் இதுதான். கை கையொப்பத்தை மறக்கவில்லை. அடுத்து என்ன செய்வது என்ற யோசனைதான் மறந்திருந்தது. மாமியிடம் அறிவுக் குறைவு எதுவும் இல்லை. பாவிக்காத திறன் யாரிடமும் தேயும். ஆயிரக்கணக்கான மணித்தியாலம் பறந்த விமானிக்கே அது தேய்கிறது என்றால் எமக்குத் தேய்வதில் என்ன வெட்கம்?

குற்றம் யார் மேல்?

விபத்து நடந்தவுடன் விமானியின் பிழை என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவது இலகு. ஆனால் பயிற்சி கொடுக்காத நிறுவனத்துக்கும் விளக்கம் சொல்லாத தயாரிப்பாளருக்கும் அதில் பங்கு இல்லையா? 2018 ஒக்டோபர் 29இல் இந்தோனேசியாவில் ஒரு போயிங் 737 மெக்ஸ் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் விழுந்து 157 பேர் இறந்தனர். ஒரு கணினி அமைப்பு, பிழையான தகவலை நம்பி விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. முதல் விபத்து நடக்கும்வரை அப்படி ஓர் அமைப்பு விமானத்தில் இருப்பதே விமானிகளின் கைநூலில் விளக்கப்பட்டிருக்கவில்லை. தெரியாத ஒன்றோடு ஒருவர் எப்படிப் போராடுவார்?

வீட்டிலும் அப்படித்தான். "உம்மாவுக்கு ஒண்டும் விளங்காது" என்று சொல்லும் பிள்ளைகள், உம்மாவுக்கு யாராவது விளக்கினார்களா என்று தங்களைத் தாங்களே கேட்கவேண்டும். அன்பினால் செய்யும் உதவியும் சிலவேளை ஒருவரின் கையைக் கட்டிவிடும்.

என்ன செய்யலாம்?

விமானத் துறை தன்னியக்கத்தைத் தூக்கி வீசவில்லை. பயிற்சியைத் திருத்தியது. 2013 ஜனவரியில் அமெரிக்க விமான நிர்வாகம், பொருத்தமான வேளைகளில் விமானிகள் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்கும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. எந்த வேளையில் என்பதுதான் முக்கியம். வானம் தெளிந்திருக்கும்போது, நெரிசல் இல்லாதபோது, பக்கத்தில் இன்னொருவர் கவனித்துக்கொண்டிருக்கும்போது. புயல் வந்த பிறகு பழக முடியாது.

பழகிய கை என்ன செய்யும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. 2018 ஏப்ரல் 17இல் அமெரிக்காவில் 32,000 அடி உயரத்தில் ஒரு விமானத்தின் இயந்திரம் வெடித்துச் சிதறியது. யன்னல் ஒன்று உடைந்து ஒரு பயணி உயிரிழந்தார். மீதி 148 பேரையும் ஒற்றை இயந்திரத்தோடு பத்திரமாகத் தரையிறக்கியவர் டமி ஜோ ஷல்ட்ஸ் என்ற பெண் விமானி. போர் விமானம் ஓட்டப் பெண்களுக்கு இடமில்லை என்றிருந்த காலத்தில் விடாது முயன்று அமெரிக்கக் கடற்படையில் விமானியானவர் அவர். 2009 ஜனவரி 15இல் நியூயோர்க்கில் பறவைகள் மோதி இரண்டு இயந்திரமும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார் செஸ்லி சல்லன்பெர்கர். அதுவும் பெங்களூரில் விழுந்த அதே ஏ320 வகைதான். அங்கே கணினியும் உதவியது, கையும் உதவியது.

சகோதரிகளே, எமக்கும் இதுவே வழி. உதவும் மகனையும் தொலைபேசியையும் ஒதுக்கத் தேவையில்லை. நிலைமை அமைதியாக இருக்கும் இந்த நாட்களில் கையைப் பழக்கத்தில் வைத்திருப்போம். மாதம் ஒரு தடவை நீங்களே வங்கிக்குப் போங்கள். மகனோ மகளோ பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் கேள்வியை நீங்களே கேளுங்கள். இரகசிய இலக்கத்தை உங்கள் மனதிலும் வைத்திருங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி என்பன எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பாருங்கள். அஸ்வெசும போன்ற உதவிகளுக்கான படிவத்தை மருமகன் நிரப்பினாலும், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பம் வையுங்கள். முக்கியமான நான்கு தொலைபேசி இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், தொலைபேசி களவு போனாலும் கொப்பி இருக்கும்.

மகள்மாருக்கும் இதைப் பழக்குங்கள். கல்யாணம் முடித்துக் கொடுத்தால் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். நல்ல மாப்பிள்ளைக்கும் வருத்தம் வரலாம், பயணம் வரலாம்.

மாமி இப்போது மாதம் ஒரு தடவை பஸ்ஸில் தனியாகவே வங்கிக்குப் போய் வருகிறார். பக்கத்து வீட்டு இளம் பெண் ஒருவரையும் இரண்டு தடவை கூட்டிப்போயிருக்கிறார். உங்கள் மாதர் சங்கத்திலும் அடுத்த கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் இதற்கென ஒதுக்குங்கள். ஒருவர் வங்கிப் படிவம் கொண்டுவரட்டும், இன்னொருவர் பிரதேச செயலகப் படிவம் கொண்டுவரட்டும். எல்லோரும் தங்கள் கையாலேயே நிரப்பிப் பாருங்கள். பிழை வந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.